பதினெட்டு வரி மேற்படி

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. பரிசோதனைக் கூடத்தில் வாசல் காவலர் முதல் தலைமை அதிகாரி வரை எல்லோருக்கும் அவள் மாவக்கா. இருபத்தைந்து வருடமாக மாவோடு மாவாகக் கிடந்தவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? சாயங்காலம் பஸ்ஸில் ஏறினால் புருவத்தில் வெள்ளையாகப் படிந்திருக்கும். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மாவு மில் வைத்திருக்கிறீர்களா என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவாள். விளக்க ஆரம்பித்தால் இறங்கவேண்டிய இடம் தாண்டிப் போய்விடும்.

விளக்கினால் விஷயம் இவ்வளவுதான். அரிசி, கோதுமை, சோளம், பயறு, கடலை என்று ஜனங்கள் அன்றாடம் வயிற்றை நிரப்பிக்கொள்கிற தானியம் எதுவானாலும் அதில் ஒரு பொட்டலம் அந்தக் கூடத்துக்கு வரும். உடம்புக்கு வேண்டிய இரும்பும் துத்தநாகமும் அதில் எவ்வளவு, உடம்புக்கு ஆகாத ஈயமும் காட்மியமும் ஆர்சனிக்கும் எவ்வளவு என்று அளந்து சொல்வார்கள். அளப்பது மெஷின். அதற்குத் தானியத்தைத் தின்னத் தெரியாது, குடிக்கத்தான் தெரியும். தானியம் மாவாகி, மாவு அமிலத்தில் வெந்து கரைந்து, தெளிந்த தண்ணீர் மாதிரி ஆன பிறகுதான் மெஷினுக்குப் போகும். முதல் படி மாவாக்குவது. அதுதான் மாவக்காவின் வேலை.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அந்த ஆபீஸ் மொத்தமும் இந்த ஒரு பழமொழியின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது. நூறு மூட்டைக்கு ஒரு கிலோ, ஒரு கிலோவுக்கு அரைக் கிராம். அந்த அரைக் கிராம் தப்பான சோறாக இருந்துவிட்டால் பானையே தப்பு. அதனால் மாவக்கா பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டி, குவித்து, தட்டையாக்கி, குறுக்கே ஒரு கோடு நெடுக்கே ஒரு கோடு போட்டு நாலாக்கி, எதிரெதிர் இரண்டு பங்கை எடுத்து மறுபடி குவித்து மறுபடி நாலாக்குவாள். கை நிறைய வளையல் போட ஆசைப்பட்ட காலத்தில்கூடப் போட்டதில்லை. முகத்துக்குப் பவுடர் கிடையாது, அதில் துத்தநாகம் இருக்கும். நகச்சாயம் கிடையாது, மோதிரம் கிடையாது. கல்யாணமான புதிதில் அவள் புருஷன், கடைத்தெருவில் தையல் கடை வைத்திருப்பவர், ஆசையாக வாங்கி வந்த பவுடர் டப்பா பத்து வருடம் திறக்காமலே இருந்து கட்டியாகிப் போனது. ஆபீஸில் ஊருக்கெல்லாம் அரைக்கிறவள் வீட்டில் மிக்சியைத் தொட அலுத்துக்கொள்கிறாளே என்று அவர் கிண்டல் செய்வார். அவருக்கு அவளைக் கிண்டல் செய்யாவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு செரிக்காது.

பாட்டில் கழுவ வந்தவள் அவள். பள்ளிப் படிப்போடு சரி. ஆனால் கழுவிய பாட்டிலில் குறை சொல்ல ஒருவராலும் முடியாததால் ஐந்தாம் வருடம் அரவை அறைக்கு மாற்றினார்கள். அந்த அறையில் இரண்டு மில். ஒன்று பீங்கான் மில். கிண்ணமும் பீங்கான், உள்ளே உருள்கிற குண்டுகளும் பீங்கான். மெதுவானது. ஒரு பொட்டலம் அரைத்து, கழுவி, துடைத்து, உலர்த்தி அடுத்ததைப் போட இருபது நிமிஷம் பிடிக்கும். இன்னொன்று ஸ்டீல் மில். கத்தி சுற்றும், நாலே நிமிஷத்தில் வேலை முடியும். அது புரதமும் ஈரப்பதமும் பார்க்கிற மாதிரிகளுக்கு. இரும்பு அளக்கவேண்டிய தானியத்தை இரும்புக் கத்தியில் அரைக்கக் கூடாது என்பது சின்னக் குழந்தைக்கும் புரிகிற சட்டம். அரவைப் பதிவேட்டில் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒரு வரி உண்டு. எண், தேதி, எடை, எந்த மில், கையெழுத்து. ஒரே மில்லில் தொடர்ந்து அரைத்தால் முதல் வரியில் 'பீங்கான்' என்று எழுதிவிட்டுக் கீழே 'மேற்படி, மேற்படி' என்று போட்டுக்கொண்டு போகலாம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் முப்பத்தாறு பொட்டலம் கொண்டைக்கடலை வந்தது. முதல் பதினெட்டு எல்லோரும் விதைக்கிற கடலை. அடுத்த பதினெட்டு விதை ஆராய்ச்சிக்காரர்கள் புதிதாக உருவாக்கிய ரகம், இதில் இரும்பு அதிகம் என்று அவர்களுக்கு நம்பிக்கை. மாவக்காவுக்கு இது தெரியாது. அவளுக்கு வருவது எண் மட்டும்தான். மெஷின் ஓடுவதற்கு வேண்டிய ஆர்கான் வாயு கடைசி சிலிண்டரில் ஒரே ஒரு நாளைக்குத்தான் இருந்தது, அடுத்தது வர மூன்று வாரமாகும். அந்த ஒரு நாளை மூன்றாம் நாளில் கடலைக்கென்று ஒதுக்கியிருந்தார்கள், அதனால் முப்பத்தாறும் இரண்டு நாளில் மாவாகியாக வேண்டும்.

முதல் நாள் பதினெட்டு முடிந்தது. இரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. தையற்காரரின் கண் ஆபரேஷனுக்கு அடுத்த வாரம் நாள் குறித்திருந்தார்கள். இன்று ஒரு இடம் காலியாகியிருக்கிறது, மதியத்துக்குள் வந்தால் இன்றே முடித்துவிடலாம் என்றார்கள். அவருக்கு ஊசியில் நூல் கோக்க முடியாமல் ஆறு மாதம் ஆகியிருந்தது. கடையில் பொத்தான் வைக்கக்கூட அடுத்த கடைக்காரரின் தயவு வேண்டியிருந்தது. அந்தக் கிண்டல்காரர் சிரிப்பதையே விட்டிருந்தார்.

மாவக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். பதினெட்டு பொட்டலத்துக்கு இருபது இருபது நிமிஷமாக ஆறு மணி நேரம். கையில் இருந்தது இரண்டு மணி நேரம். அரவைக்கு வேறு ஆளும் கிடையாது. ஸ்டீல் மில்லைத் துணியால் மூன்று முறை துடைத்தாள், ஒரு கைப்பிடி சுத்தமான அரிசியை அரைத்துக் கொட்டி மறுபடி துடைத்தாள். பிறகு பதினெட்டையும் அதில் அரைத்தாள். கடலை கல் மாதிரி இருந்தது, கத்தி கடகடவென்று இரைந்துகொண்டே அரைத்தது. கடைசிச் சில பொட்டலங்களில் மாவு லேசாகக் கறுத்திருந்தது. தோலின் நிறம் என்று நினைத்துக்கொண்டாள். பதிவேட்டை எடுத்து, முந்தின நாள் எழுதிய 'பீங்கான்' வரிசைக்குக் கீழே பதினெட்டு 'மேற்படி' போட்டாள். கை பழக்கத்தில் போட்டுவிட்டது என்று பின்னால் தனக்குத்தானே எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டாள். கை அப்படி ஒன்றும் தானாகப் போடவில்லை. முதல் 'மேற்படி' போடுமுன் பேனா ஒரு கணம் நின்றது அவளுக்கு நினைவிருந்தது.

மெஷினை ஓட்டுகிறவரை எல்லோரும் மெஷின் சார் என்பார்கள். திரும்பி வந்ததும் அவரிடம் சொல்லிவிடவேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டு போனாள். மூன்று நாள் லீவு முடிந்து வந்தபோது ஆபீஸில் இனிப்புப் பெட்டி திறந்திருந்தது. சாதாரணக் கடலையில் கிலோவுக்கு ஐம்பத்துநாலு மில்லிகிராம் இரும்பு, புது ரகத்தில் தொண்ணூற்றுமூன்று. விதைக்காரர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம். பரிசோதனையும் சுத்தம். மாதிரி போடாமல் வெறும் அமிலத்தை ஓட்டிப் பார்த்தார்கள், இரும்பு இல்லை. ஏற்கெனவே அளவு தெரிந்த மாவு ஒன்றை விலைக்கு வாங்கி வைத்திருப்பார்கள், அதற்கு அங்கே சாட்சி மாவு என்று பெயர். அதையும் ஓட்டினார்கள், அதுவும் சரியான எண்ணையே சொன்னது. சாட்சி பொய் சொல்லவில்லை. ஆனால் சாட்சி மாவாகவே டப்பாவில் வந்தது. அரவை அறைப் பக்கம் அது எட்டிப் பார்த்ததே இல்லை. அங்கே நடந்ததைப் பார்த்தவள் ஒருத்திதான், அவளிடம் யாரும் கேட்கவில்லை. அவளும் ஒரு துண்டு இனிப்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

அந்தத் தொண்ணூற்றுமூன்று எங்கெங்கோ போனது. கூடத்தின் தலைமை அதிகாரியை டாக்டரம்மா என்பார்கள். கண்டிப்பானவர், சிரிப்பைக்கூட அளந்து சிரிப்பவர். அவருக்கு மேடை மேல் மேடை கிடைத்தது. பத்திரிகையில் வந்த படத்தில் ஓரமாகக் கடலை ஜாடியைப் பிடித்துக்கொண்டு மாவக்காவும் நின்றாள். பிறகு பெண்கள் படிக்கிற நாலு விடுதிகளில் அந்தக் கடலையைத் தினசரி சாப்பாட்டில் சேர்த்தார்கள். வாரம் ஒரு முறை கொடுத்துவந்த இரும்பு மாத்திரையை நிறுத்தினார்கள். மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்று எந்நேரமும் புகார். கடலையைப் பற்றிப் புகார் இல்லை. அறுநூறு பெண்கள்.

அந்த அறுநூறில் ஒருத்திக்கு ரேடியோ என்று பெயர். மாவக்காவின் நாத்தனார் மகள். தாயும் தகப்பனும் தொலைவில் இருந்ததால் நில அளவைப் படிப்புக்கு வந்தவளுக்கு மாமன் வீடுதான் தாய்வீடு. ஞாயிற்றுக்கிழமை தோறும் வருவாள். தையல் கடைக்கு மேலே இருந்த வீட்டுக்கு இருபத்திரண்டு படி. கீழ்ப்படியில் ஆரம்பித்த பேச்சு மேல்படிக்கு வரும்போது பாதிக் கதை முடிந்திருக்கும். மாத்திரை நின்றதில் அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கண்டுபிடித்தது எங்கள் அத்தை ஆபீஸ்தான் என்று விடுதி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

மழைக்காலம் முடிந்த சமயத்தில் ரேடியோவின் சத்தம் குறைந்தது. பேட்டரி தீர்ந்துபோச்சா என்று மாமன் கேட்டதற்கு வெறுமனே சிரித்தாள். பாதிப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று ஏறினாள். சாப்பிட்டதும் படுத்தாள். ஒரு ஞாயிறு, மாவக்கா துணி மடித்துக்கொண்டிருக்கும்போது சமையலறையிலிருந்து மொறுமொறுவென்று சத்தம் வந்தது. இருபத்தைந்து வருடம் தானியம் நொறுங்குகிற சத்தத்தைக் கேட்ட காது. எட்டிப் பார்த்தாள். டப்பாவில் கையைவிட்டு, பச்சை அரிசியைப் பிடிபிடியாக வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தாள் பெண்.

"அரிசி தின்னா கல்யாணத்தன்னிக்கு மழை வரும்டி" என்றாள் மாவக்கா, பழக்கத்தில்.

"வந்தா வரட்டும் அத்தை. என்னமோ இதைத் தின்னணும் போலவே இருக்கு. ஹாஸ்டல்ல சாக்பீஸைக்கூட விடறதில்லே."

மாவக்கா சிரிக்கவில்லை. மண்ணையும் சாக்பீஸையும் பச்சை அரிசியையும் இரும்பு குறைந்த உடம்பு கேட்கும் என்று கூடத்துச் சுவரில் தொங்கிய படத்திலேயே எழுதியிருந்தது. பெண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். சிவப்பு இருக்கவேண்டிய இடம் காகிதம் மாதிரி இருந்தது.

மறுநாளே ரத்தம் சோதித்தார்கள். ஹீமோகுளோபின் பன்னிரண்டு இருக்கவேண்டிய இடத்தில் ஏழு. டாக்டர் மாத்திரை சாப்பிடுகிற வழக்கம் இல்லையா என்று கேட்டார். ரேடியோ அந்த நிலையிலும் நிமிர்ந்து உட்கார்ந்து, கடலையின் பெருமையையும் அத்தை ஆபீஸின் பெருமையையும் சொன்னாள். டாக்டர் சீட்டில் எழுதிக்கொண்டே, "அவ்வளவு இரும்பு தினமும் சாப்பிட்டியா? அப்ப ரத்தத்துல இல்லாம எங்கே போச்சு?" என்றார். அவர் அதைச் சாதாரணமாகத்தான் கேட்டார். மாவக்காவுக்கு அது எங்கே போயிருக்கும் என்று அந்த நாற்காலியிலேயே தெரிந்துவிட்டது. அது போகவே இல்லை. கடலையில் இருந்தால்தானே ரத்தத்துக்குப் போகும்? அது கத்தியிலிருந்து மாவுக்கு வந்தது, மாவிலிருந்து மெஷினுக்குப் போனது, மெஷினிலிருந்து காகிதத்துக்குப் போனது. அறுநூறு பெண்கள் சாப்பிட்டது அந்த மாவை அல்ல.

ஆனாலும் அளக்காமல் ஒன்றைச் சொல்வது அவள் பழகிய வழக்கம் இல்லை. சோதித்த பொட்டலங்களில் மிச்சமிருந்த தானியத்தைக் கூடத்தில் ஐந்து வருடம் பத்திரப்படுத்துவார்கள். கிடங்கிலிருந்து இருபத்தேழாம் எண் பொட்டலத்தை எடுத்து வந்தாள். நாலாகப் பிரித்து, ஒரு பாதியைப் பீங்கானிலும் ஒரு பாதியை ஸ்டீலிலும் அரைத்தாள். இரண்டு குப்பியையும் மெஷின் சாரிடம் கொடுத்து, அவருடைய வேலையோடு வேலையாக ஓட்டிப் பார்க்கச் சொன்னாள். இரண்டு நாள் கழித்து அவரே அரவை அறைக்கு வந்தார். வழக்கமாக அங்கே தூசி என்று அவர் காலடி வைக்க மாட்டார்.

"அக்கா, இது ரெண்டும் ஒரே பொட்டலமா?"

ஒரே பொட்டலம்தான் என்றாள். பீங்கானில் ஐம்பத்தேழு, ஸ்டீலில் தொண்ணூற்றொன்று. புது ரகமும் பழைய ரகமும் ஏறக்குறைய ஒன்றுதான். அவர் அவளைத் தன் அறைக்குக் கூட்டிப்போய் இரண்டு வருடத்துக்கு முந்தைய கணக்கைத் திரையில் திறந்தார். மெஷின் இருபது உலோகம் அளக்கும், கேட்டவற்றைத்தான் அறிக்கையில் அச்சடிப்பார்கள். யாரும் கேட்காத ஒரு பத்தியில் குரோமியம் இருந்தது. எஃகில் இரும்போடு கலந்திருப்பது அது, கடலையில் அதற்கு வேலையில்லை. பதினெட்டு வரிவரை அது இருக்கிற இடம் தெரியவில்லை. பத்தொன்பதாம் வரியில் எகிறியது, முப்பத்தாறுவரை இறங்கவில்லை. முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள் இரண்டு வருடமாகக் கிடந்திருக்கிறது. யாரும் கிளறிப் பார்க்கவில்லை.

மெஷின் சார் நல்ல மனிதர். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"பதிவேட்டுல பீங்கான்னுதான் இருக்கு. அதுக்கு மேல ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. உங்களுக்கு இன்னும் எட்டு மாசம் சர்வீஸ். முப்பது வருஷப் பேரு. இப்ப ஓட்டின இந்த ரெண்டு வரியை நான் மெஷின்லேருந்து அழிச்சிடறேன், நீங்க மறந்திடுங்க."

அவள் அழிக்கவேண்டாம் என்றாள். பேர் என்று அவர் சொன்னது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அவளிடம் வேறு என்ன இருந்தது? படிப்பு இல்லை, பதவி இல்லை. மாவக்கா அரைத்தது என்றால் கேள்வி கிடையாது என்று இருபத்தைந்து வருடமாக அந்தக் கட்டிடத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் அவள் டாக்டர்களுக்கு நடுவில் தலைநிமிர்ந்து நடந்தாள்.

வீட்டில் தையற்காரரிடம் சொன்னாள். கையிலிருந்த ஊசியை அவர் தைத்துக்கொண்டிருந்த துணியில் குத்திவைத்தார். ஒரு வாரம் கழித்துப் போயிருந்தால் என் கண் எங்கேயும் ஓடிப்போயிருக்காதே என்றார். வழக்கமாக இதைக் கிண்டலாகச் சொல்லியிருப்பார், அன்று அப்படிச் சொல்லவில்லை. உங்கள் கண் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க எனக்கு விருப்பமில்லை, மேற்படி போட்டது உங்கள் கண் இல்லை என் கை என்று அவள் சொன்னாள்.

வியாழக்கிழமை காலை முதல் வேலையாகப் பழைய பதிவேட்டை எடுத்தாள். கூடத்தில் எழுதியதை அழிக்கக் கூடாது. தவறு என்றால் அதன் மேல் ஒரே ஒரு கோடு, அடியிலிருப்பது படிக்கத் தெரியவேண்டும். பக்கத்தில் சரியானது, இன்றைய தேதி, கையெழுத்து. பத்தொன்பதாம் எண்ணில் ஆரம்பித்தாள். 'மேற்படி' மேல் ஒரு கோடு, பக்கத்தில் 'ஸ்டீல்', தேதி, கையெழுத்து. அடுத்த வரியிலும் அதே. இந்தத் தடவை எதற்கும் மேற்படி போடவில்லை. பதினெட்டு தடவையும் முழுதாக எழுதி முடித்துப் பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

டாக்டரம்மாவின் மேஜையில் விமான டிக்கெட்டும் பேசவேண்டிய உரையும் இருந்தன. அடுத்த வாரம் வேறு நாட்டில் மாநாடு. திரும்பி வந்ததும் இன்னும் நாற்பது விடுதிகளில் மாத்திரையை நிறுத்திவிட்டுக் கடலை. மாவக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஆபரேஷன் வந்தது, ஸ்டீல் மில், மேற்படி, இருபத்தேழாம் பொட்டலம், வீட்டுப் பெண்ணின் ரத்தம். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார்.

"மாத்திரையை மறுபடி குடுக்கச் சொல்லி இன்னிக்கே எழுதிடறேன். ஒரு பாதுகாப்புக்குன்னு எழுதறேன். காரணம் சொல்ல வேண்டாம். பிள்ளைங்களுக்கு வேண்டியது கிடைச்சிடும். உன் பேரும் கெடாது, என் பேரும் கெடாது."

கேட்கிறபோது மாவக்காவின் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கினது நிஜம். அவளும் மனுஷிதானே. இதற்காகத்தானே வந்தோம், பிள்ளைகளுக்கு மாத்திரை கிடைத்தால் போதாதா என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணம் அந்தத் தொண்ணூற்றுமூன்று கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அது புத்தகத்தில் இருக்கும். காரணம் சொல்லாத மாத்திரையை எந்த வார்டனும் நாலு வாரத்தில் மறப்பாள். எண்ணை யாரும் மறக்க மாட்டார்கள். நாற்பது விடுதி நானூறாகும். அக்குளில் இடுக்கியிருந்த பதிவேட்டை எடுத்து, பக்கத்தை விரித்து மேஜையில் வைத்தாள்.

டாக்டரம்மா ஒவ்வொரு வரியாகப் படித்தார். பதினெட்டையும் படித்தார்.

"என்கிட்ட கேட்டுட்டு எழுதியிருக்கலாம்."

"கேட்டிருந்தா எழுத விட்டிருப்பீங்களாம்மா?"

முப்பது வருடத்தில் அவள் டாக்டரம்மாவைத் திருப்பிக் கேட்ட முதல் கேள்வி அது. டாக்டரம்மா பதிவேட்டை மூடித் திருப்பிக் கொடுக்கவில்லை, தன் பக்கமே இழுத்து வைத்துக்கொண்டார்.

பதினோரு நாளில் அறிக்கையைத் திரும்பப் பெறுகிற கடிதம் வெளியானது. அரவையின்போது பதினெட்டு மாதிரிகளில் இரும்பு கலந்தது, பதிவேட்டில் அரவை தவறாகக் குறிக்கப்பட்டிருந்தது, குரோமிய அளவைப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும், பார்க்காதது என் தவறு. கீழே டாக்டரம்மாவின் கையெழுத்து மட்டும் இருந்தது, மாவக்காவின் பெயரை அவர் எழுதவில்லை. பயணம் நின்றது. விடுதிகளில் மாத்திரை திரும்ப வந்தது, எல்லோருக்கும் ரத்தம் பார்த்தார்கள். விதைக்காரர்கள் அதன் பிறகு அந்தக் கூடத்துக்குப் பொட்டலம் அனுப்புவதை நிறுத்தினார்கள். யானைக்கும் அடி சறுக்கும் என்று நாலு பேர் ஆறுதலாகச் சொன்னார்கள். மற்றவர்கள் காண்டீனில் அவள் வந்து உட்கார்ந்தால் பேச்சை மாற்றினார்கள். அரவை அறையில் வேறு ஆள் போட்டார்கள். மிச்ச எட்டு மாதத்துக்கு அவளுக்குப் பாட்டில் கழுவுகிற வேலை, முப்பது வருடத்துக்கு முன் முதல் நாள் நின்ற அதே தொட்டி. அவள் போய்க் குழாயைத் திறந்தாள். புருவத்தில் மாவு இல்லை, ஆனாலும் எல்லோரும் மாவக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

இவ்வளவும் செய்தவளுக்கு வீட்டுப் பெண்ணிடம் சொல்வதுதான் மிகவும் கஷ்டமாக இருந்தது. ரேடியோ மாத்திரை சாப்பிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறிக்கொண்டிருந்தாள். படியில் நிற்பது குறைந்திருந்தது. ஒரு ஞாயிறு மதியம் மாவக்கா அவளை எதிரே உட்காரவைத்து, டாக்டரம்மாவிடம் சொன்ன அதே வரிசையில் எல்லாவற்றையும் சொன்னாள். தப்பு ஆபீஸ் செய்தது இல்லை, அத்தை செய்தது என்றாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தாள். பெண் கோபப்படவில்லை.

"என் ரூம்ல ஒருத்தி இருந்தா அத்தை. போன வருஷம். எப்பவும் படுத்தே இருப்பா. சர்வே பண்ணப் போனா கருவியோட முக்காலியைத் தூக்கமாட்டா, நிழல் தேடி உக்காந்துப்பா. சோம்பேறின்னு எல்லாரும் பேர் வச்சோம். நானும் சொன்னேன். பரீட்சைக்கு முன்னாடியே படிப்பை விட்டுட்டுப் போயிட்டா."

அவளுக்கு யாரும் ரத்தம் பார்க்கவில்லை. திரும்பப் பெற்ற கடிதம் விடுதிகளுக்குப் போனது, பத்திரிகைக்குப் போனது. விடுதியில் இல்லாதவளுக்கு யார் அனுப்புவார்கள்? பதினெட்டு வரியையும் கோடு போட்டுத் திருத்தியாகிவிட்டது என்று நினைத்திருந்தாளே. சோம்பேறி என்று ஒரு பெண்ணின் மேல் எழுதியதை எந்தப் பதிவேட்டில் போய் அடிப்பது?

அந்தப் பெண்ணின் முகவரி ரேடியோவிடம் இருந்தது. மாவக்கா ஒரு தாளை எடுத்து, மேஜை மேல் துணியைத் தள்ளிவிட்டு எழுதினாள். ஆபீஸில் எழுதுகிற மாதிரியே எழுதினாள், அவளுக்குத் தெரிந்த எழுத்து அதுதான். நீ விடுதியில் சாப்பிட்ட கடலையில் நாங்கள் சொன்ன அளவு இரும்பு இல்லை. இருக்கிறது என்று தப்பாகச் சொன்னதற்கு நான் காரணம். அதை நம்பித்தான் உன் மாத்திரையை நிறுத்தினார்கள். உன் களைப்பு ரத்தக் குறைவாக இருக்கலாம், உடனே போய்ச் சோதித்துக்கொள். நீ சோம்பேறி இல்லை. தேதி போட்டு, தன் முழுப் பெயரையும் எழுதினாள். ரேடியோ தாளை வாங்கிப் படித்துவிட்டுப் பேனாவைக் கேட்டாள். அத்தையின் பெயருக்குக் கீழே தானும் அப்படிச் சொன்னதாக ஒரு வரி எழுதித் தன் பெயரையும் போட்டாள்.

ஒரு மாதம் பதில் இல்லை. மாவக்கா தினமும் பாட்டில் கழுவிவிட்டு வந்து, வீட்டுப் படி ஏறுமுன் கடையில் தபால் வந்ததா என்று கேட்பாள். தையற்காரர் இல்லை என்று தலையாட்டுவார். ஐந்தாவது வாரம், அவள் கேட்குமுன்னே உறையை எடுத்து நீட்டினார். உள்ளே இருந்தது அந்தப் பெண்ணின் எழுத்து இல்லை. கோணல்மாணலான பெரிய எழுத்து, எழுதிப் பழகாத கை.

"நான் அவ அம்மா. லெட்டர் கிடைச்சுது. வேலை செய்யாம படுத்துக்கிட்டே இருக்கான்னு நானும் அவளை அடிச்சிருக்கேன். ரெண்டு மூணு தடவை இல்லே, நிறைய. நேத்து ரத்தம் பாத்தோம், ஆறுதான் இருக்காம். மாத்திரை குடுத்திருக்காங்க. நீங்க எழுதினதை அவ தலையணைக்கு அடியில வச்சிருக்கா. நான் அவகிட்ட என்ன சொல்றதுன்னு தெரியலே."

மாவக்கா அதைக் கடை வாசலிலேயே நின்று இரண்டு முறை படித்தாள். பிறகு மடித்துக் கையில் வைத்துக்கொண்டு படியேறினாள். பாதியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே தையல் மெஷின் சத்தம் நின்றது. அவர் என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை, பதில் எழுதவேண்டும் என்றாள்.